அந்த 55% சொல்வது வேறு

"55% இந்தியர்கள் ஜனநாயகம் வேண்டாம், சர்வாதிகாரமே போதும்னு பியூ ஆய்வில் சொல்லிட்டாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். எண் சரி, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் எடுத்த 2017 கருத்துக்கணிப்பு அது. அர்த்தம்தான் தப்பு. மக்கள் பிரதிநிதிகள், நேரடி வாக்கெடுப்பு, நிபுணர்கள், நாடாளுமன்றமோ நீதிமன்றமோ குறுக்கிடாத வலுவான தலைவர், ராணுவம் என ஐந்து ஆட்சி முறைகளையும் தனித்தனியாகச் சொல்லி, ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா என்றுதான் கேட்டார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவே இல்லை. வலுவான தலைவருக்கு 55%, ராணுவத்துக்கு 53%: கூட்டினாலே நூறைத் தாண்டுகிறதே, அப்புறம் எப்படி இது 'இது வேண்டும், அது வேண்டாம்' கணக்காகும்? அதே ஆய்வில் 79% பேர் நம் ஜனநாயகம் நடக்கும் விதத்தில் திருப்தி என்றிருக்கிறார்கள். ராணுவ ஆட்சிக்கு அவ்வளவு ஆதரவு என்பது எனக்கும் உண்மையிலேயே பயமாகத்தான் இருக்கிறது, அதைப் பேசுவோம். ஆனால் பதிவில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.