மைக்கைப் பிடித்துக்கொண்டு அகத்தேடலா?

இணையத்தில் சுற்றும் அந்தச் சுயவளர்ச்சி முகாம் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். திரும்ப விவரிக்க எனக்கு மனமில்லை. அத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணிடம் மைக்கைக் கொடுத்து, “மறைத்து வைத்திருப்பதைச் சொல்” என்று அவள் உடைந்து அழும்வரை விடாமல் கேட்டதற்குப் பெயர் வளர்ச்சியா? அதற்குக் கைதட்டல் வேறு.

மனதின் மறைந்த பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பார்க்கத்தான் வேண்டும். கூட்டத்துக்குக் காட்ட வேண்டிய கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

“மனநல மருத்துவர் கார்ல் யுங் சொன்னதைத்தானே செய்கிறார்கள்” என்று ஒரு நண்பர் பாடம் எடுத்தார். சரி. மனதின் அந்த மறைந்த பக்கத்துக்கு ‘நிழல்’ என்று பெயர் வைத்த அதே யுங், 1913 முதல் தனக்குள் எழுந்த காட்சிகளை நோட்டுகளில் எழுதினார். பிறகு சிவப்புத் தோல் அட்டை போட்ட பெரிய ஏட்டில் படங்களோடு பல வருடம் எழுதினார். உயிரோடு இருந்தவரை அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் இறந்தது 1961-ல், அது புத்தகமாக வந்தது 2009-ல். அவருக்கே அவ்வளவு மறைவு தேவைப்பட்டது. இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு மத்தியானம் போதுமாம்!

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் எதற்கும் பட்டென்று “முடியாது” என்பார். அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நான் வீட்டுக்கு மூத்தவள், தலையாட்டியே வளர்ந்தவள். ராத்திரி டைரியில் அவரைத் திட்டி எழுதி எழுதித்தான், ‘முடியாது’ என்று சொல்லத் துடிக்கும் ஒருத்தி எனக்குள்ளும் இருப்பது புரிந்தது. நிழலில் கெட்டது மட்டுமா கிடக்கிறது? வளரவிடாமல் அமுக்கிய தைரியமும் கிடக்கிறது. அந்த டைரியை இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. காட்டவும் மாட்டேன்.

“குழுவில் பேசினால் பாரம் குறையும்” என்கிறீர்கள். உண்மைதான். 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் பேசிப் பேசியே குடியிலிருந்து மீண்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அடிப்படையே. இங்கே ரீல்ஸ் போட்டார்கள்.

“அவளே விரும்பித்தானே வந்தாள்?” முகாமுக்கு வந்தாள். ஊரே பார்க்கவா சம்மதித்தாள்?

எனக்கு வலிப்பது வேறு. நம் வீடுகளில் பெண் டைரி எழுதினால் பிரித்துப் படிப்பார்கள். கதவைச் சாத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அப்படி வளர்ந்தவள் கடைசியில் ஓர் இடத்தை நம்பிப் போனால், அங்கேயும் இதுதான். மறுநாள் அவள் எப்படி வேலைக்குப் போனாள் என்று கைதட்டியவர்களில் ஒருவராவது விசாரித்தீர்களா?

இன்று காலை எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே காணொளி. அனுப்பியது என் சித்தப்பா. அழித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் போனில் இருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள்.