கால்வாசி எனக்கே

கிருஷ்ணகிரியில் மா பூக்கிறதோ இல்லையோ, என் வீட்டு சிபி ரேடியோ (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் செட்) ஆன்டெனா மட்டும் வாரம் தவறாமல் மக்கர் பண்ணுகிறது. 27 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை லைசென்ஸே வேண்டாம் என்று அரசாங்கமே விட்டுவிட்டது. இந்தக் கம்பி விட வேண்டுமே! நேற்று மீட்டரில் எஸ்டபிள்யூஆர் 1.5 (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை). இன்று காலை 3. அதாவது அனுப்புகிற பவரில் கால்வாசி என்னிடமே திரும்பி வருகிறது. எனக்கு நானே பேசிக்கொள்ளவா இத்தனை செலவு?

மாடிக்கு ஏறு. கம்பியை ஒரு விரற்கடை குறை. இறங்கு. பார். மறுபடி ஏறு. பதினோராவது நடையில் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, டிவி தெரியலையா?"

கடைசியில் ஆன்டெனா கேபிளின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே மழைத்தண்ணீர். செம்புப் பின்னல் முழுக்கப் பச்சைக் களிம்பு, தேய்க்காத பூஜைச் சொம்பு மாதிரி. மேலே சுற்றிய டேப் வெயிலில் இளகி, பிசின் மட்டும் என் விரலில். சரி, கடையில் 50 ஓம் கேபிள் கேட்டால், டிவி கேபிளை நீட்டி "எல்லாம் ஒண்ணுதாங்க" என்கிறார். அது 75 ஓம், என் செட்டுக்குப் பொருந்தாது, ஐயா!

எல்லாம் மாட்டி, "ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என்றால் பதிலுக்குக் கொர்ர்ர். கோட்டை மலை மறைக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரில் இன்னொரு செட் இருந்தால்தானே மறைக்க?