வயலூர்க்காரருக்கு நாம்தான் ஆந்திரா

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வேலூரில் பாதி ஊர் ஆற்றங்கரையில்தான் நின்றது. பிள்ளைகளுக்கு "இதுதான்டா ஆறு" என்று காட்ட ஸ்கூட்டரில் கூட்டிப் போனவர்களில் நானும் ஒருவன். வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் என்றார்கள். மூன்றாம் நாளே டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே புலம்பல்: "அத்தனை தண்ணியும் வீணா கடலுக்குப் போச்சே." நானும் அதையே பதிவாகப் போட்டேன். லைக் குவிந்தது. அந்தப் பதிவில் இருந்த 'வீணா' என்ற வார்த்தையை இன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போன சித்திரையில் கல்பாக்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டையைப் பார்த்துவிட்டு, நம்ம ஆறு கடலில் சேரும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று வயலூருக்கு வண்டியை விட்டேன். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வருகிற ஆறு. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். முகத்துவாரத்தில் போய் நின்றால், ஆறு கடலில் சேரவே இல்லை. நடுவில் மணல் மேடு. இந்தப் பக்கம் பாசி பிடித்து அசையாமல் கிடக்கிற தண்ணீர், அந்தப் பக்கம் அலை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கால் நனையாமல் எதிர்க்கரைக்கு நடந்து போனேன்.

படகு நிழலில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"வேலூருணா."

"ஓ, மேல தண்ணிய புடிச்சி வெச்சிக்கிற ஊரா?"

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க எங்கணா புடிக்கிறோம்? ஆந்திராக்காரன் குப்பத்துல தடுப்பணை கட்டிக்கினே போறான், எங்களுக்கே தண்ணி இல்ல" என்று, மெட்ராஸும் மைசூரும் ஆற்று நீருக்காகப் போட்ட 1892 ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எங்களுக்கு நீங்கதான் தம்பி ஆந்திரா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவரே விளக்கினார். ஐப்பசி கார்த்திகையில் மேலிருந்து வெள்ளம் வந்தால்தான் இந்த மணலை அடித்துத் திறக்கும். திறந்தால் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும். கடலில் பொரிக்கிற இறால் குஞ்சு அந்தக் கலவையைத் தேடித்தான் உள்ளே வரும், சில மாதம் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். மடவையும் அப்படித்தான். திறக்காத வருஷம் உள்ளேயும் மீன் இல்லை, வெளியேயும் குறைவு. நாம் வீண் என்று எழுதிய தண்ணீர் அங்கே இறாலுக்குத் தொட்டில்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. அணைக்கட்டில் பிரிகிற பாலாற்றுத் தண்ணீர் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பி வழிந்தால் கொசஸ்தலை ஆறு, பூண்டி, கடைசியில் எண்ணூர். அதே கொசஸ்தலையிலிருந்து கேசாவரம் அணைக்கட்டில் பிரிவது கூவமாகி நேப்பியர் பாலத்தடியில் கடலைத் தொடுகிறது. ஆக, கடலே இல்லாத பழைய வட ஆற்காட்டுக்கு மூன்று முகத்துவாரம்!

எண்ணூர்க்காரர்கள் கழிமுகத்துக்காகப் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அனல்மின் நிலையச் சாம்பலை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தபோது மீனவர்களே படகில் போய் அதை அள்ளினார்கள். அந்தப் பக்கமெல்லாம் பனை ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சேற்றில் எண்ணெய் என்றால் யோசித்துப் பாருங்கள்.

கடற்கரையில் குப்பை பொறுக்கும் கல்லூரிப் பிள்ளைகளை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒரு கையுறையும் ஒரு செல்ஃபியும் முகத்துவாரத்தைத் திறந்துவிடாது. அதற்கு வேண்டிய பாதி வேலை நம்மிடம்தான் இருக்கிறது. தோல் கழிவு, சாக்கடை, மணல். 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்' என்பது இந்த நாட்டின் சட்டம் என்று சொன்னது நம்ம பாலாற்று வழக்கில்தான். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. பெருமைப்படுவதா தலைகுனிவதா, நீங்களே சொல்லுங்கள்.

தடுப்பணையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தெரு போர்வெல்லின் ஆழம் எனக்குத் தெரியும். ஆனால் என் ஆயா விருதம்பட்டுப் பக்கம் ஆற்றில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் ஊற்று தோண்டி, குடம் நிரப்பினதைப் பார்த்திருக்கிறேன். மணல் இருந்தவரை தண்ணீர் இருந்தது. மணலை லாரியில் ஏற்றிவிட்டுத் தடுப்பணை கேட்பது என்ன நியாயம்? நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறைகிணறு இறக்கி நிலத்தடி நீரை ஏற்றிக் காட்டினார்கள். அது நம்ம மாவட்டம்தானே?

சரி, ஆற்றையும் கடலையும் கொண்டாடுகிற விஷயத்துக்கு வருகிறேன். அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு நாம் பாலாற்றில்தான் கூடுகிறோம். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் துணிக் கூடாரம் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் நம்ம ஆற்றின் வாய்.

வருகிற மாசி மகத்துக்குக் காட்பாடியிலிருந்து ஒரு வேன் பேசியிருக்கிறேன். மாமல்லபுரம் பார்த்துவிட்டு நேரே வயலூர். பெரியவரிடம் சொல்லிவிட்டேன், படகில் ஏற்றிக் காட்டுகிறேன் என்றார். பன்னிரண்டு சீட், நாலு ஏற்கெனவே போய்விட்டது. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கருவாடு வாங்க நினைப்பவர்கள் மூடி போட்ட டப்பா கொண்டு வாருங்கள், திரும்பி வர நாலு மணி நேரம் ஆகும், டிரைவர் சைவம்.