கடை பத்து மணிக்கு மூடிவிடும்

இரவு ஒன்றே முக்கால். ஷிஃப்ட் முடிந்து கேப் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. மூடி வைத்திருந்த சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியை ஆன் செய்கிறேன். கேமுக்குள் இருக்கும் என் தீவிலும் இரவு ஒன்றே முக்கால்தான். கடை பூட்டியிருக்கிறது. ஃபேங் என்கிற சிடுமூஞ்சி ஓநாய் மட்டும் தூக்கம் வராமல் உலாத்திக்கொண்டிருக்கிறது. பிடித்த மீனை இப்போதே விற்க வேண்டுமென்றால் கடை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரலாம், ஆனால் நூறுக்கு எண்பதுதான் தேறும். ராத்திரி வேலைக்காரனுக்கு அங்கேயும் பிடித்தம்!

'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்கிற இந்த கேம் வந்தது 2020 மார்ச்சில். ஊரடங்கில் உலகமே அதற்குள் போய் விழுந்தது, நான்கு கோடிக்கும் மேல் விற்றது. அந்த அலை வடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. நான் இன்னும் விடவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் 'மனசுக்கு இதமா இருக்கும்' என்று இதுவரை சொல்லி வந்தேன். யோசித்துப் பார்த்தால் அது சரியான பதில் இல்லை. இதமான கேம்கள் போனில் கொட்டிக் கிடக்கின்றன. என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது அந்தப் பூட்டிய கடைதான்.

இந்த கேமின் கடிகாரம் நம் வீட்டுக் கடிகாரம். தினமும் தோண்டி எடுக்க நான்கு ஃபாசில், காசு கொட்டும் பாறை ஒன்றே ஒன்று. பாலத்துக்கு முழுப் பணமும் கட்டினாலும் மறுநாள்தான் பாலம் நிற்கும். ஒரு மணி நேரத்தில் அன்றைய வேலை தீர்ந்துவிடும். அப்புறம்? அப்புறம் நாளைக்கு வா என்பதுதான் பதில். போன் கேம்களிலும் காத்திருக்க வைப்பார்கள், கேரட் விளைய நான்கு மணி நேரம் என்பார்கள். ஆனால் பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கும், காசு கொடுத்தால் இப்போதே விளையும். இதே தொடரின் போன் வடிவமான 'பாக்கெட் கேம்ப்' 2017-இல் வந்தபோது அதிலும் அந்த வியாபாரம் இருந்தது. 2024 கடைசியில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு, ஒரே தடவை காசு வாங்கும் பதிப்பாக மாற்றினார்கள். காத்திருப்பதை விலைக்கு விற்க ஆரம்பித்தால் அது ஊராக இருக்காது, கடைத்தெருவாகிவிடும்.

இது தொடங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை உருவாக்கிய கட்சுயா எகுச்சி ஜப்பானில் சிபா பக்கம் வளர்ந்தவர். 21 வயதில் நிண்டெண்டோ கம்பெனி வேலைக்காகக் கியோட்டோ போனார். பெற்றவர்கள், நண்பர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு வந்த அந்த ஏக்கம்தான் இந்த கேமின் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அவருக்கும் குடும்பம் வந்தது. வேலை முடிந்து வீடு திரும்ப நேரமாகும், அதற்குள் பிள்ளைகள் கேம் விளையாடி முடித்திருப்பார்கள். சேர்ந்து விளையாட நேரமில்லாதவர்கள் ஒரே ஊரில் முன்னும் பின்னுமாக வந்து போகலாமே என்று தோன்றியிருக்கிறது. 2001 ஏப்ரலில் நிண்டெண்டோ 64 என்கிற பழைய கருவியில் வந்த முதல் கேம் அப்படித்தான் இருந்தது: ஒரு ஊர், நான்கு பேர் வரை குடியிருக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

கியோட்டோவில் யாரோ ஒரு அப்பாவுக்கு இருந்த பிரச்சினை சென்னையில் எனக்கும் இருக்கிறது. என் மகளுக்குப் பத்து வயது. நான் எழும்போது அவள் பள்ளியில், அவள் தூங்கும்போது நான் அலுவலகத்தில். தீவில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அறிவிப்புப் பலகையின் மேல் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தால் புதுச் செய்தி இருக்கிறது என்று அர்த்தம். கிட்டே போனால் பறந்துவிடும். தமிழ் எழுத்து அதில் கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள்: 'அப்பா, என் பனி பொம்மைய தொடாதீங்க.' வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊரில், இரண்டு பனி உருண்டைகளை எந்த அளவில் உருட்டினால் பொம்மை குறை சொல்லாது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு கேம் பிடிக்காது. ஒருநாள் மட்டும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கேமில் வாங்கிய வீட்டுக் கடன், 24 லட்சத்து 98 ஆயிரம் பெல், அதுதான் அந்த ஊர்க் காசு என்றேன். "வட்டி எவ்வளவு?" வட்டி கிடையாது, தவணைத் தேதியும் கிடையாது, கடன் கொடுத்த டாம் நுக் கேட்கவே மாட்டார் என்றேன். "இவ்ளோ நாளா இந்த ஆளை ஏண்டா எனக்குச் சொல்லல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குறையும் இருக்கிறது. பழைய பாகங்களில் நீண்ட நாள் தலைகாட்டாமல் இருந்தால் அக்கம்பக்கத்து விலங்குகள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்துவிடும், நேரில் முகத்தில் அடித்தாற்போல் பேசவும் செய்யும். இதில் நாம் சரி என்று சொன்னால்தான் போகின்றன, எல்லாவற்றுக்கும் தேன் தடவிய நாக்கு. அதனாலேயே ஃபேங்கை வைத்திருக்கிறேன், அதுவும் இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டது. மலையை வெட்டி ஆற்றைத் திருப்பும் வசதியும் எனக்கு ஆகாது. இரண்டு மாதம் அதில் மூழ்கித் தீவை ரியல் எஸ்டேட் லேஅவுட் போல ஆக்கிவிட்டு, வெறுத்துப்போய் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது முழங்கால் உயரக் களை, வீட்டுக்குள் கரப்பான்பூச்சி. களை பிடுங்கிய அந்த மூன்று நாள்தான் நான் விளையாடியதிலேயே சுகமானது.

டர்னிப் விஷயம் சொல்லாமல் விட முடியாது. ஞாயிறு காலை ஐந்து மணி முதல் நண்பகல் வரை ஒரு பன்றிக்குட்டி டர்னிப் விற்க வரும். கிழங்கு ஒன்று 90 முதல் 110 பெல். வார நாட்களில் கடையில் காலை ஒரு விலை, மதியம் ஒரு விலை. அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகி எறும்பு மொய்க்கும். ஜப்பானிய மொழியில் 'கபு' என்றால் டர்னிப், பங்கு என்றும் பொருள். கடிகாரத்தைப் பின்னால் திருப்பி ஏமாற்றப் பார்த்தால் அந்த நிமிடமே அழுகிவிடும். ராத்திரிப் பெட்டியிலும் போட முடியாது. அதனால் சனி இரவு தீவிலுள்ள பீச் பழ மரத்தடியில் பணமூட்டையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவேன். வாங்குவதும் விற்பதும் மகள் பொறுப்பு.

நேற்று இரவு பலகையில் பறவை உட்கார்ந்திருந்தது. 'இன்னிக்கு 148. எல்லாத்தையும் வித்துட்டேன். பாதி எனக்கு. மீதி உங்க வாசல்ல இருக்கு.'

போய் எண்ணிப் பார்த்தேன். பாதியை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.