மூத்தாள், இளையாள், ஒரு துப்பாக்கிக் குண்டு

பத்தொன்பது வருடங்கள் ஒரு கொலைகாரனுக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் கொலைகாரன் என்பதே எனக்குத் தெரியாது. மறைத்தவர் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை, மறைக்கச் சொன்னது அந்தக் காலத்து அமெரிக்கத் தணிக்கை.

'ரெபெக்கா' படத்தைத்தான் சொல்கிறேன். 1940இல் வந்தது. முடிச்சுகள் எல்லாவற்றையும் கீழே அவிழ்க்கப்போகிறேன். எண்பது வருடங்களுக்கு மேலான ஒரு படத்தின் ரகசியத்தை இதற்குமேல் என்னால் கட்டிக்காக்க முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பதிவு எங்கும் ஓடிவிடாது.

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். மின்விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழவில்லை. ஆனால் கதை புரியாமல் போகவில்லை. மான்டி கார்லோவில் ஒரு பணக்கார அம்மாளுக்குச் சம்பளத் துணையாக இருக்கும் சின்னப் பெண், மனைவியை இழந்த மாக்சிம் டி வின்டர் என்ற சீமானைச் சந்திக்கிறாள். அவசரக் கல்யாணம். இங்கிலாந்தில், கார்ன்வால் கடற்கரையில், அவனுடைய மாளிகை மாண்டர்லி. போய் இறங்கினால், மூத்தாள் ரெபெக்கா படகு மூழ்கிச் செத்துப்போன பிறகும் வீட்டைக் காலிசெய்யவில்லை. பேயாக இல்லை. கைக்குட்டையில், முகவரிப் புத்தகத்தில், தலையணை உறையில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தாக இருக்கிறாள். வீட்டு நிர்வாகியான டான்வர்ஸ் அம்மாள் அந்த எழுத்துக்குப் பூசாரி.

இளையாளுக்குப் பெயரே கிடையாது. டாஃப்னே டு மாரியே 1938இல் எழுதிய நாவலிலும் இல்லை, படத்திலும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்தாளின் பெயரோ அட்டையிலேயே இருக்கிறது.

டு மாரியேவுக்கு இந்தப் பொறாமை சொந்தச் சரக்கு. அவருடைய கணவருக்கு முன்பு வேறொரு பெண்ணோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணின் பழைய கடிதங்கள் இவர் கண்ணில் பட்டன. ரிக்கார்டோ என்ற அவளுடைய குடும்பப் பெயரின் முதலெழுத்து, கையெழுத்தில் வாலை நீட்டிக்கொண்டு நிற்குமாம். அந்த ஒரு சுழிப்பிலிருந்து ஒரு நாவலை எழுப்பியிருக்கிறார். அதுவும் கணவரின் ராணுவப் பணி காரணமாக எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில், வெயிலில் வெந்துகொண்டு, கார்ன்வால் மழைக்கு ஏங்கியபடி தொடங்கியது. மாண்டர்லிக்கு மாதிரியாக அமைந்த மெனபில்லி மாளிகைக்கு 1943இல் குடிபோனார். அங்கிருந்த காலமெல்லாம் வாடகைக்குத்தான் இருந்தார், வீடு அவருடையதாகவே இல்லை. தன் கதையின் இளையாளைப் போலவே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் மாக்சிம் படகுக் குடிலில் வைத்து உண்மையைச் சொல்கிறான். ரெபெக்காவை அவன் நேசித்ததே இல்லை, வெறுத்தான். அவள் கெட்டவள். அன்றிரவு வேறொருவனின் குழந்தையைச் சுமப்பதாகச் சொல்லிச் சீண்டினாள். அவன் அடித்திருக்கலாம். அவள் சிரித்தபடி அவனை நோக்கி வந்தாள், தடுக்கி விழுந்தாள், படகுச் சாமான் ஒன்றில் தலை மோதி இறந்தாள். பயத்தில் உடலைப் படகில் ஏற்றி மூழ்கடித்துவிட்டான். எங்கள் வரிசையில் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். "பாவம் அந்த மனுஷன்" என்றாள் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன், பத்தொன்பது வருடங்களாக.

நாவலை எப்போதோ வாங்கிப் போட்டது அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு நெல்லை எக்ஸ்பிரஸின் மேல் படுக்கையில், செல்போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டு போனேன். விருத்தாசலம் தாண்டியிருக்கும். இடம் மாளிகையின் நூலக அறை, மற்றபடி அதே பாவமன்னிப்பு. ஆனால் இங்கே யாரும் தடுக்கி விழவில்லை. மாக்சிம் துப்பாக்கியால் சுட்டான். ரெபெக்கா சிரித்துக்கொண்டே செத்தாள். ரத்தத்தைக் கழுவினான், படகில் ஓட்டை போட்டான். எழுந்து உட்கார்ந்ததில் மேலே தலை இடித்துக்கொண்டது. கீழ்ப் படுக்கைப் பெரியவர், "என்னம்மா, ஸ்டேஷன் வந்துவிட்டதா?" என்றார்.

பிறகு தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது. அன்றைய ஹாலிவுட்டில் ஜோசப் பிரீன் தலைமையில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. கொலை செய்தவன் தண்டனையில்லாமல் வீடு திரும்பக் கூடாது என்பது விதி. மாக்சிமைத் தூக்கில் போட்டால் காதல் கதை போய்விடும். ஆகவே கொலையையே விபத்தாக்கிவிட்டார்கள். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்நிக்குக்கு இதில் கடும் கோபம். நாவலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். ஹிட்ச்காக் முதலில் கொடுத்த திரைவடிவத்தில் கப்பல் பயணக் குமட்டலை வைத்து ஒரு நகைச்சுவைக் காட்சியெல்லாம் இருந்ததாம். செல்ஸ்நிக் அதைத் தூக்கியெறிந்து, நாவலை எடு என்றார். பாவம், அவ்வளவு பிடிவாதம் பிடித்தவரால் ஒரு குண்டைக் காப்பாற்ற முடியவில்லை.

குண்டுக்குப் பதில் தலையில் அடி, ஆள் செத்தது செத்ததுதானே, இதற்கு ஏன் இத்தனை பெரிய பதிவு என்று கேட்பீர்கள்.

இந்த நாவலின் விஷமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. தன் கணவன் ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றான் என்று அவன் வாயாலேயே கேட்கிறாள் இளையாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? பயம் இல்லை, அருவருப்பு இல்லை. அவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை என்ற ஒன்றுதான் அவள் காதில் ஏறுகிறது. மனம் லேசாகிவிடுகிறது. கூனிக் குறுகித் திரிந்தவள் மறுநாள் வேலைக்காரிக்கு உத்தரவு போடுகிறாள். அதைவிடக் கேவலம், வாசகியான எனக்கும் மனம் லேசானது. விசாரணையில் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பக்கத்துக்குப் பக்கம் வேண்டிக்கொண்டேன். ரெபெக்காவைப் பற்றிய பெரும்பகுதிச் சாட்சியம் அவளைக் கொன்றவனுடையது. அதை நானும் கேள்வி கேட்காமல் விழுங்கியிருந்தேன். திண்டுக்கல் வருவதற்குள் நானும் உடந்தை ஆகிவிட்டேன்.

படம் இந்தக் கறையை நம்மேல் படவிடுவதில்லை. அவன் நிரபராதி, அவள் அப்பாவி, நாம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன். "அக்கா, அவன் சுட்டிருக்கிறான்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "சுட்டால்தான் என்ன? அவள் அப்படிப்பட்டவள்தானே." டு மாரியே எழுந்து வந்து கைகுலுக்கியிருப்பார். எழுதிய பொறி ஒரு பக்கம்கூடப் படிக்காத என் அக்காவையும் பிடித்துவிட்டதே!

இவ்வளவு திட்டிவிட்டு, அந்தப் படத்தை இன்னும் பத்துத் தடவை பார்ப்பேன் என்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடில் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கே பழைய நினைவுக் காட்சி போட்டு, ஒரு அழகியைப் பிடித்து ரெபெக்காவாக நிறுத்தியிருப்பார்கள். ஹிட்ச்காக் யாரையும் நிறுத்தவில்லை. மாக்சிம் சொல்லச் சொல்ல, கேமரா அவள் உட்கார்ந்திருந்த காலி சோபாவைப் பார்க்கிறது. அவள் எழுந்தாள் என்கிறான், கேமரா எழுகிறது. நடந்தாள் என்கிறான், ஆளில்லாத அறையில் கேமரா நகர்கிறது. இல்லாத ஒருத்தியைப் பார்வையால் பின்தொடர்ந்து நாம் வாசல் வரை போய்விடுகிறோம். படம் முழுக்க ரெபெக்காவின் ஒரு புகைப்படம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

டான்வர்ஸ் அம்மாளாக ஜூடித் ஆண்டர்சன். அவர் நடந்து வருவதைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். இளையாள் திரும்பினால் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். ரெபெக்காவின் படுக்கையறையில் அவர் ரோமக் கோட்டை எடுத்து இளையாளின் கன்னத்தில் உரசும் காட்சியையும், மெல்லிய இரவு உடைக்குள் கையை விட்டு, பார், கை தெரிகிறது என்று காட்டும் காட்சியையும் அதே பிரீன் அலுவலகம் கவலையோடு பார்த்ததாம். அந்தக் கவலையில் அர்த்தம் உண்டு. ரெபெக்காவை உண்மையாக நேசித்த ஒரே ஜீவன் அந்த அம்மாள்தான்.

இளையாளாக நடித்த ஜோன் ஃபான்டெய்னின் கூனல் தோளும் பாதி நடிப்பில்லை என்பார்கள். மாக்சிமாக நடித்த லாரன்ஸ் ஒலிவியருக்குத் தன் காதலி விவியன் லீ அந்த வேடத்தில் நடிக்க வேண்டும் என்று ஆசை. அது நடக்காத எரிச்சலைச் சின்னப் பெண்ணிடம் காட்டினார். படப்பிடிப்பில் யாருக்கும் உன்னைப் பிடிக்கவில்லை என்று ஹிட்ச்காக்கும் அவளிடம் சொல்லிவைத்தாராம். நல்ல நடிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாக்சிம் செய்ததைவிட இது எந்த விதத்தில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மாண்டர்லி எரியும்போது புகை வானத்தில் 'ஆர்' என்று பெரிதாக எழுத வேண்டும் என்று செல்ஸ்நிக் விரும்பினார். நல்ல வேளை, ஹிட்ச்காக் அதைக் கேட்கவில்லை. தலையணை உறையில் பூத்தையல் போட்ட எழுத்தை நெருப்பு தின்பதோடு முடித்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதை வாங்கியவர் தயாரிப்பாளர். இயக்குநர் விருது அந்த வருடம் ஜான் ஃபோர்டுக்குப் போனது. இது என் படமே இல்லை என்று ஹிட்ச்காக் பின்னாளில் கைகழுவினார். எனக்கென்னவோ அவருடைய நிறைய சொந்தப் படங்களைவிட இது பிடிக்கும்.

இந்தியிலும் 1964இல் 'கோஹ்ரா' என்று எடுத்தார்கள். வஹீதா ரஹ்மான் நாயகி, டான்வர்ஸ் இடத்தில் லலிதா பவார். அந்த ஒற்றைக் கண்ணின் சுருக்கத்துக்காகவே பார்க்கலாம்.

2020இல் நெட்ஃபிளிக்ஸுக்காக பென் வீட்லி மீண்டும் எடுத்தபோது தணிக்கை கிடையாது. குண்டு திரும்பி வந்தது. மாக்சிம் சுட்டேன் என்றே சொல்கிறான். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும், ஆனால் கொட்டாவிதான் வந்தது. ஏனென்றால் இந்தப் படத்தின் இளையாள் லில்லி ஜேம்ஸ், பாதிக் கதைக்கு மேல் துப்பறியும் நாயகி ஆகிவிடுகிறாள். ரெபெக்காவைப் பரிசோதித்த லண்டன் மருத்துவரின் அறைக்குள் நுழைந்து அவளுடைய மருத்துவக் கோப்பைத் தேடுகிறாள், கணவனைக் காப்பாற்றுகிறாள். அவள் செய்வது தப்பு என்ற உறுத்தல் படத்துக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. மாக்சிமாக, மஞ்சள் கோட்டு போட்ட இளைஞனாக, ஆர்மி ஹாமர். அவர்களுக்கு நடுவே வயது வித்தியாசமே தெரியவில்லை. நாவலில் அவனுக்கு அவளைவிட இரு மடங்கு வயது. ஒலிவியருக்கு அப்போது முப்பத்திரண்டுதான், நரை பூசி முதுமையை ஏற்றினார்கள். அந்த வித்தியாசம் இருந்தால்தான், கொலையைக் கேட்டும் அவள் ஏன் ஓடவில்லை என்பது புரியும். அவளுக்கு ஓடிப்போக வேறு இடமே கிடையாது.

கொலையை விழுங்கிய படத்தில் நாவலின் மூச்சு இருக்கிறது. கொலையைக் காட்டிய படத்தில் கொலை மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு படங்களுமே சரியாகக் காட்டாத ஒன்று உண்டு. நாவலின் தொடக்கத்திலேயே, எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தம்பதி எப்படி வாழ்கிறார்கள் என்று வந்துவிடும். வெளிநாட்டில் ஏதோ ஒரு சின்ன விடுதி. தபாலில் வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகை. கிரிக்கெட் ஓட்டங்களை அவள் வாசித்துக் காட்டுகிறாள், அவன் கேட்டுக்கொள்கிறான். ஊரை நினைவூட்டும் எதையும் சத்தமாகப் படிக்காமல் தவிர்க்கப் பழகிவிட்டாள். தூக்குமேடை அவனுக்குக் கிடைக்கவில்லை, இந்தப் பகல்கள் கிடைத்தன. பிரீன் இதை நிதானமாகப் படித்திருந்தால், தண்டனை போதும் என்று குண்டை விட்டுவைத்திருப்பாரோ என்னவோ.

புத்தகத்தை அக்காவுக்குக் கூரியரில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். ரெபெக்கா பற்றியோ மாக்சிம் பற்றியோ அவள் பேசவே இல்லை.

"ஆமாம், ரெபெக்காவின் உடல் கிடைப்பதற்கு முன்னால், கரையில் ஒதுங்கிய வேறு ஒரு பெண்ணைத் தன் மனைவி என்று அடையாளம் காட்டிக் குடும்பக் கல்லறையில் புதைத்தானே. அவள் யார்? அவளைத் தேடி ஒருத்தரும் வரவில்லையா?"

படத்திலும் அந்தப் பெண் வருகிறாள். நான் கவனித்ததே இல்லை.