அரசுக் கல்லூரி மேடையில் ஆரத்தி எதற்கு?

வியாழக்கிழமை அரசுக் கல்லூரி ஆண்டு விழாவில் பாரத மாதா படத்துக்கு ஆரத்தி காட்டி, மாணவர்களைக் கைகூப்பி முழங்கச் சொன்ன காணொளியை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. நான் அந்த அரங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மகன் அங்கே இரண்டாமாண்டு படிக்கிறான். நானும் அதே கல்லூரியில் படித்தவள். அன்றே இங்கே "அரசுக் கல்லூரி மேடையில் ஆரத்தி எதற்கு?" என்று ஒரு வரி மட்டும் கேட்டிருந்தேன்; அதற்குப் பலர் பதில் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் விரிவாக எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்திருந்தேன். பொறுத்தும் மனம் ஆறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு கல்லூரியில், நாட்டின் மீதுள்ள பற்றைக் கும்பிட்டுத்தான் காட்ட வேண்டும் என்ற நிலைக்கு எந்த மாணவரையும் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. பாரத மாதா படத்துக்கு மாலை போட்டு, ஆரத்தி காட்டி, பின்னால் திரையில் தேசியக்கொடி போர்த்திய சவப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பிள்ளைகளை அழவைத்துவிட்டு, அந்த அழுகை அடங்குவதற்குள் "நாட்டுப்பற்று உள்ளவர்கள் எழுந்து கைகூப்பி முழங்குங்கள்" என்று மேடையிலிருந்து சொன்னால், முழங்காதவர் யார் என்று அரங்கம் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்யும்? எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு மாணவி எழுந்துதான் நின்றாள். கைகூப்பவில்லை, முழங்கவில்லை, அவ்வளவுதான். அடையாள அட்டையின் நாடாவை ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றவளை நோக்கி நான்கைந்து கைப்பேசிகள் திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எழுந்து நின்றது போதாதா? 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அதுதான் தீர்ப்பு என்றால், ஒரு விருந்தினர் தன் மனதுக்குத் தோன்றியபடி மேடையிலிருந்து எழுப்பச் சொன்ன முழக்கத்துக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும்? அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனையே கூடாது என்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனங்களில்கூட, சம்மதமில்லாத ஒருவரை வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. "அப்படியென்றால் கிறிஸ்தவக் கல்லூரியில் ஜெபம் நடக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள்" என்பவர்களுக்கும் இதுதான் பதில். அங்கேயும் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தினால் அதுவும் தவறுதான்.

இதைப் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வந்தே மாதரம் பாடலின் பிற்பகுதியில் தேவி வழிபாடு வருகிறது, அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதால், தேசியக் கூட்டங்களில் முதல் இரண்டு பத்திகளை மட்டும் பாடலாம் என்று 1937இலேயே காங்கிரஸ் செயற்குழு முடிவெடுத்தது. சிறைக்குப் போனவர்கள், தடியடி பட்டவர்கள் எடுத்த முடிவு அது. பக்கத்தில் நிற்பவரின் மனம் நோகக் கூடாது என்ற அக்கறை அவர்களுக்கு இருந்தது.

ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தில் பொரி கடலை கொடுக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றிருக்கிறேன். அதை வாங்காதவரை யாரும் தேசத் துரோகி என்று சொன்னதில்லை. நான் நாத்திகம் பேசுவதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். மாதம் தவறாமல் கிருத்திகை விரதம் இருப்பவள் நான். என் முருகனைக் கல்லூரி மேடையில் வைத்து மற்றவர்களின் விசுவாசத்தை அளக்கும் கோலாக்குவதை நானே பொறுக்க மாட்டேன்.

என்னைப் புண்படுத்தியது வேறொரு வரி. "ராணுவ வீரரின் மகள் இப்படிப் பேசலாமா?" என்று எனக்குத் தெரிந்த ஒருவரே, எங்கள் வீட்டில் சாப்பிட்டவரே, எழுதியிருக்கிறார். ராணுவ வீரரின் மகள் என்பதால்தான் பேசுகிறேன். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர், குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி பெற்றவர். சில ரெஜிமெண்டுகளின் போர் முழக்கத்தில் கடவுள் பெயர் உண்டு, அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் அவருடைய ரெஜிமெண்டின் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது. அதில் எந்தக் கடவுளும் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் நாகூர்க்காரர் என்றும், விடுமுறை கிடைக்காத ரம்ஜான் ஒன்றில் அவருக்காக அதிகாலையில் எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்ததாகவும் அப்பா சொல்லுவார். 1965 போரில் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து உயிர்விட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அப்துல் ஹமீது. 1971இல் அதே விருதைப் பெற்ற ஆல்பர்ட் எக்கா கிறிஸ்தவர். அவர்களுடைய பிள்ளைகள் அந்த அரங்கில் இருந்திருந்தால் அவர்கள் பக்கமும் கைப்பேசிகள் திரும்பியிருக்கும் என்று நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு எரிகிறது.

அன்று மேடைக்கு அழைத்துவந்த, ராணுவ வீரர் ஒருவரின் தாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகனைப் பறிகொடுத்தவர். செருப்பைப் படிக்கட்டின் கீழே கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேலே ஏறினார். போர்த்திய சால்வை ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது; அதைப் பிடிப்பதா, கையில் திணித்த ஆரத்தித் தட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் தவித்தவரிடம், "அம்மா, கேமராவைப் பாருங்கள்" என்று தொகுப்பாளர் இரண்டு முறை சொன்னார். பெற்ற மகனின் சவப்பெட்டிப் படம் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கௌரவிக்க அந்த மேடைக்குத் தெரிந்த வழி அதுதானா? என் அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒவ்வொரு நவம்பரும் உயிர்ச்சான்று கொடுக்கப் போகிறார். சென்ற ஆண்டு தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியவில்லை என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். அந்த வரிசையில் நின்றிருந்த வயதான பெண்கள் எவருக்கும் ஒருவரும் எழுந்து நாற்காலி தரவில்லை.

நேற்று கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வீரமரணம் அடைந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்துங்கள், அவர்கள் குடும்பத்தாரை உட்கார வைத்துப் பேசுங்கள், வழிபாட்டை அவரவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் விட்டுவிடுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். அந்த மாணவி வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை என்று என் மகன் சொன்னான். அவள் முகம் தெரியும் காணொளியை என் நட்பு வட்டத்திலேயே பதினோரு பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றே நீக்கிவிடுங்கள்.