தமிழ்ச் சொல் விளையாட்டுக்கு இன்னொரு நிறம் வேண்டும்

மறைந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் வேர்டில் என்ற இணைய விளையாட்டு 2021இல் பரவியதற்கு அதன் எளிமைதான் காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரி. நாளுக்கு ஒரே சொல், ஆறு வாய்ப்பு, முடிந்ததும் மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அதே பாணியில் தமிழில் வந்த ஒரு விளையாட்டை நானும் அம்மாவும் தினமும் காலையில் ஆடுகிறோம். அதைச் செய்தவர்கள் இதைப் படித்தால் நல்லது.

முதலில் எழுத்தெண்ணிக்கை. 'தமிழ்' என்று தட்டினால் எழுத்து ஐந்து என்று காட்டுகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்தான், ஆனால் ஆடுகிறவருக்கு அது மூன்று எழுத்து. முழு எழுத்தாக எண்ணும்படி நிரலை மாற்றியே ஆக வேண்டும்.

அதைவிட முக்கியம் நிறம். நேற்று விடை 'கிணறு'. அம்மா 'கடுகு' என்று போட்டார். முதல் கட்டம் சாம்பலாகிவிட்டது, அதாவது அந்த எழுத்து விடையில் இல்லை. உடனே, "ககர வரிசையே இல்லைடா" என்று அதை ஒதுக்கிவிட்டு, கடைசி வரை விடையை நெருங்கவே இல்லை. 247 எழுத்துள்ள மொழியில் இது ரொம்பக் கடினம். மெய் சரி, உயிர் மட்டும் வேறு என்றால் அதற்குத் தனியாக ஒரு நிறம், ஊதாவோ எதுவோ, கொடுங்கள். ஆறு வாய்ப்பு அப்போதுதான் போதும்.

விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் இருந்தாலே போதும். அதன் கடைசி வரிசையை விளம்பரம் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ன-வைத் தொடப் போய் அம்மா இரண்டு முறை ஏதோ கடன் விளம்பரத்துக்குள் போய்விட்டார். விடையோடு பொருளும் ஒரு வரி வந்தால் இன்னும் மகிழ்ச்சி.